கொழுந்துக்கு வகுத்த காற்று

சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் காற்று இருவேறு வகையாக நடத்தப்படுகின்றது. தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தொழிற்சாலையிலே அது அளக்கப்படுகின்றது. அதன் ஈரம் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டினாலும் சோதிக்கப்படுகின்றது. அது எவ்வழியாற் புகும், எவ்வழியால் வெளியேறும் என்பது பற்றி டீமேக்கர் இரவிரவாக விழித்திருந்து கவலை கொள்கிறார். அங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள லயத்திலோ காற்றுக்கென்று கவலை கொள்வார் ஒருவருமில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் அக்காலத்து அறியாமையே என்று கூறி அமைவோர் உளர். அக்கூற்று பொருந்தாது. அறிவு தோட்டத்திற்குள்ளேயே இருந்தது. ஆலையின் சுவரைத் தாண்டி அது வெளியே வர விடப்படவில்லை என்பதே உண்மை.

காற்றுக்குழாயின் வாயமைப்பும் விசிறியின் வலுவும் பொறியியலாளர் பாடு, தமிழ்ச் சங்கத்து மலருக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்று கேட்கப்படலாம். லயத்து வாழ்வைப் பற்றிக் கவிதையும் சிறுகதையும் நிறைய வந்துவிட்டன. அவற்றுள் மிகச் சிறந்தனவும் உண்டு. ஆயினும் லயத்துப் புகையைத் துயரத்தின் சின்னமாகப் பாடியவர்கள், அப்புகை ஏன் வெளியேறவில்லை என்று கேட்டது அரிது. சின்னமாகிவிட்ட புகைக்குப் போக்கிடம் தேவைப்படுவதில்லை அல்லவா?

காற்றை ஓட்டி ஒரு பொருளைக் குளிர்விப்பதும், உலர்த்துவதும், ஓர் அறையைத் தூய்மையாக்குவதும் ஒரே விதிக்கு உட்பட்டவை. அவ்விதியைத் தவறியும் மறக்கவொண்ணாதபடி கற்பிக்கும் களம் ஒன்று உண்டு. அது தம் வீட்டுக் கொட்டிலிலே தம் கையாலேயே சிறு விமானங்களைக் கட்டுவோரின் களம். 1953இல் ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் போல் பொபரெஸ்னி முதலியோர் நிறுவிய பரிசோதனை விமானச் சங்கத்தின் பின்னர் இக்கலை பல நாடுகளிலும் பரவியது. இத்தகைய விமானங்களிற் பெரும்பாலானவற்றின் எஞ்சின் காற்றாலேயே குளிர்விக்கப்படுவது. உருளைகளைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகச் செட்டைகளுக்கிடையே காற்று ஓடினால் எஞ்சின் பிழைக்கும். இல்லையேல் நடுவானில் அது கைவிடும்.

அங்கே காற்றைத் தள்ள வேறு விசிறி கிடையாது. பறக்கும் வேகமே விசிறி. மணிக்கு 185 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் விமானத்தின் முகப்பிலே காற்று தடைப்பட்டு நிற்கையில் தோன்றும் மேலதிக அமுக்கம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் நீர்நிரலுக்குச் சமம். முழுச் செல்வமும் அவ்வளவே. மேலெழும்போது வேகம் 130 கிலோமீற்றராகக் குறையுமாயின் அச்செல்வம் பாதியாகிவிடும்; எஞ்சினோ அப்பொழுதுதான் முழு வலுவுடன் உழைத்து மிகுந்த வெப்பத்தை உமிழும். வரவு குறையும் வேளையிலேயே செலவு கூடுகின்ற இந்தக் குடும்பக் கணக்கிற் சிறிதும் வீண்போக இடமில்லை.

எஞ்சின் சூடேறுகின்றது என்றவுடன் புதிதாகக் கட்டுவோன் மனத்தில் முதலில் உதிக்கும் பரிகாரம் முகப்பிலுள்ள வாயைப் பெரிதாக வெட்டுவது. வெட்டிய பின்னரும் சூடு தணியாது. சில வேளை கூடவுஞ் செய்யும். காரணம் எளிது. மூடுறைக்குள் எவ்வளவு காற்று ஓடும் என்பதை வாய் மட்டும் தீர்மானிப்பதில்லை; பின்னே அது வெளியேறும் வழியுந் தீர்மானிக்கின்றது. செட்டைகளைத் தழுவிச் சூடேறிய காற்று விரிவடைகின்றது. ஆகவே வெளியேறும் வழி வாயிலும் சற்றே பெரிதாயிருத்தல் வேண்டும். அமுக்கம் குறைந்த இடத்தில் அது திறக்கவும் வேண்டும். வழி ஒடுங்கியிருப்பின் உள்ளே அமுக்கம் நிறைந்துவிடும். பெரிய வாயின் முன்னே வந்த காற்று உட்புகாது புறத்தே வழிந்தோடி, விமானத்தைப் பின்னிழுக்கும் சுமையாக மாறும்.

வாயின் வடிவமும் பொருட்டு. சுவரிலே கூர்விளிம்புடன் வெட்டப்பட்ட துளைவழியே காற்றுப் புகும்போது, ஓடும் வேகத்துக்குரிய அமுக்கத்தில் ஏறத்தாழப் பாதி வாயிலேயே சுழிப்பாகி வீணாகின்றது. அவ்விளிம்பைப் பூவிதழ்போல் உருட்டி வளைத்துவிட்டால் அவ்விழப்பு இருபதில் ஒரு பங்களவிற்குக் குறைகின்றது. உட்புகுந்த காற்றைத் திடீரென அகன்ற அறைக்குள் விடுவதும் இழப்பே. பரப்பு ஒரேயடியாக இருமடங்காயின் வேக அமுக்கத்திற் காற்பங்கும், நான்கு மடங்காயின் பாதிக்கு மேலும் தொலைந்துபோம். இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட கோணம் 7 பாகையளவில் இருக்குமாறு மெல்ல மெல்ல அகலும் குழாய் அதனைப் பெரிதும் மீட்டுத் தரும். இவை எதற்கும் மேலதிக எரிபொருள் வேண்டியதில்லை; தகட்டைச் சற்றே வளைக்கும் பொறுமை போதும்.

வடிவத்தை அதன் காரணம் அறியாது பெயர்த்து வைப்போரும் அக்களத்தில் உளர். அமெரிக்கத் தேசிய வானூர்தியியல் ஆலோசனைக் குழுவின் ஏம்ஸ் ஆய்வுகூடம் 1945இல், உடலின் மேற்பரப்பிலே புதைந்து கிடக்கும் ஒருவகை வாயைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பேர்ட் ரூட்டன் வடிவமைத்து 1975இல் முதன்முதலிற் பறந்த வாரியீசி, 1979இல் அதனைத் தொடர்ந்த லோங்-ஈசி ஆகிய விமானங்களில் எஞ்சின் பின்புறத்தே அமைந்தமையால், அத்தகைய வாய் வயிற்றுப் பக்கத்திற் பயன்பட்டது. பின் வந்தோர் சிலர் அழகு கருதி அதனைக் கண்ட கண்ட இடத்திற் பொருத்தினர். மேற்பரப்பை ஒட்டி மந்தமாக ஊரும் காற்றுப்படை தடித்துவிட்ட இடங்களில் அவ்வாய் விழுங்கியது அந்த மந்தக் காற்றையே. அச்சுப் பிசகாத வடிவம், ஆனால் எஞ்சின் கொதிக்கின்றது! மக்கள் வாழும் கட்டடங்களுக்கும் இப்படி வரைபடம் பெயர்த்தோர் உண்டு, அது பின்னர்.

இனி ஸ்டோருக்குள் நுழைந்து பார்க்கலாம். பறித்த கொழுந்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 78 பங்கு நீர். அதனை உருட்டுமுன் 55 பங்களவிற்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 1,000 கிலோ கொழுந்திலிருந்து 510 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீர் காற்றோடு போதல் வேண்டும். தீயில் வைத்து அதனை விரட்ட முடியாது, கொழுந்து வெந்துபோம். குளிர்ந்த காற்றே மெல்ல அதனைக் கொண்டேக வேண்டும். உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் இடையே 4 பாகை சதமளவு வேறுபாடு உள்ள காற்று, தன் ஒவ்வொரு கிலோவிலும் ஒன்றரைக் கிராமுக்குச் சற்றுக் கூடிய நீரைத்தான் ஏற்றுச் செல்ல வல்லது. கணக்கிட்டுப் பார்த்தால், அரைத் தொன் நீரை அகற்ற 300 தொன்னுக்கு மேற்பட்ட காற்று, கனவளவில் இரண்டரை இலட்சம் கனமீற்றருக்குக் கூடுதலாக, அக்கொழுந்தினூடே செல்ல வேண்டும். பன்னிரண்டு மணித்தியாலத்தில் இது நடைபெற வேண்டுமாயின் வினாடிக்கு 6 கனமீற்றர்.

ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியில் அந்த 4 பாகை வேறுபாடுங்கூடப் பல நாள்களிற் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கமிருந்து சூடான காற்றைக் கலந்தே வேறுபாட்டை உண்டாக்க வேண்டியுள்ளது. தாழ்நாட்டுத் தேயிலையின் இத்தகைய தனிப் பிரச்சினைகளை ஆராய்வதற்கென்றே தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இரத்தினபுரி ஹிதெல்லனவிற் புனித யோவாக்கிம் தோட்டத்தில் ஒரு நிலையத்தை நடத்தி வருகின்றது. கொழுந்துக்குரிய காற்றைப் பற்றி இவ்வளவு கரிசனை உண்டு. அது குறை கூறத் தக்கதன்று.

பழைய ஆலைகளில் வாட்டுமாடியே ஒரு காற்றுக்கருவி. மேல்மாடிகளில் அடுக்கடுக்காகக் கட்டிய தட்டுகளில் கொழுந்து பரப்பப்பட்டது. நாற்புறமும் நிரை நிரையாக யன்னல்கள். எப்பக்கத்து யன்னலைத் திறப்பது, எதனைச் சாத்துவது என்பதே டீமேக்கரின் வித்தை. 1960களிலும் அதன் பின்னரும் அடியிலிருந்து விசிறி காற்றூதும் நீண்ட வாட்டுத் தொட்டிகள் வந்தன. அவற்றிலும் விமான மூடுறையின் விதிகளே ஆட்சி செய்கின்றன. விசிறியின் வாய் கூர்விளிம்பான வெறுந் துளையாயின் இழப்பு. தொட்டிக்குள் காற்றுத் திடீரென அகன்றால் இழப்பு. ஈரமேறிய காற்று மாடியை விட்டு வெளியேற வழியில்லையெனில் விசிறி அதே ஈரக்காற்றையே திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருக்கும். அந்நிலையிற் பெரிய விசிறி கேட்போர் ஒன்றை மறக்கிறார்கள். அதே குழாயில் காற்றோட்டத்தைக் காற்பங்கு கூட்ட வேண்டுமாயின் வலு ஏறத்தாழ இருமடங்காக வேண்டும். மின்கட்டணப் பத்திரம் அதனை மாதந்தோறும் நினைவூட்டும்.

தொட்டியிற் கொழுந்தைச் சமமாக உதறிப் பரப்பும் கைகளைப் பற்றியும் ஒரு சொல். ஓரிடத்திற் கனமாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் பரப்பினால் காற்று மெலிந்த இடத்தினாலேயே தப்பியோடும். கனத்த இடம் வாடாது. விமானத்திலே செட்டைகளைத் தவிர்த்து இடுக்குகளால் ஓடிவிடும் காற்றை மறிக்கத் தடுப்புத் தகடுகளை வைத்து, விளிம்புகளில் இறப்பர் பட்டி ஒட்டி நாட்கணக்கில் உழைப்பார்கள். அவ்வறிவையே தொட்டியருகில் நிற்கும் தொழிலாளி தன் உள்ளங்கையில் வைத்திருக்கிறார். அதற்குப் பொறியியல் என்ற பெயரை எவரும் இட்டதில்லை.

இறப்பரின் கதையும் இதுவே. கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கங்களில் இறப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைவீடுகளைக் காணலாம். கீழே அடுப்பு, அடியிற் காற்றுப் புகும் துளைகள், கூரை முகட்டிலே புகையும் ஈரமும் போவதற்கான திறப்பு. அம்முகட்டுத் திறப்பைச் சாத்தியே வைத்தால் தாள்கள் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், விலை இறங்கும். ஆகவே அதனை எவரும் மறப்பதில்லை.

காற்று ஓட்டும் கலையைத் தேயிலை பிறரிடமிருந்து கடன்பெற்றதோ எனின், அதுவுமில்லை. சமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்தர் 1864இல் அசாமின் கச்சார்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர். கொழுந்தை உலர்த்தும் முறையைச் சீர்செய்ய முயன்று, 1881இல் பெல்பாஸ்ற் நகரில் ‘சிறொக்கோ’ ஆலையை நிறுவினார். உலர்த்தியில் வெப்பக்காற்றைச் செலுத்தும் ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1890களின் இறுதியில் அவர் ஆக்கிய மையநீக்க விசிறி கப்பல்களிலும் சுரங்கங்களிலும் பெரும் மண்டபங்களிலும் காற்றூட்டப் பயன்பட்டது. பூமிக்கடியில் நிலக்கரி வெட்டியவனும் போர்க்கப்பலின் அடித்தட்டில் நெருப்பெரித்தவனும் மூச்சுவிட்ட காற்றில் தேயிலையின் கடன் உண்டு. அத்தேயிலையைப் பறித்தவளின் வீட்டுக்கு அக்கடனில் ஒரு சல்லியும் வரவில்லை.

அவ்வீடு எத்தகையது? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது லயக்காம்பராவுக்குப் பழகிப்போன அளவு. முன்னே ஓர் இஸ்தோப்பு. பின்னர் அதுவே பல இடங்களில் தட்டியடைத்து அடுப்படியாயிற்று. ஒற்றை லயத்திலும் கொடிது முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயம். நடுச்சுவர் ஒன்றுக்கு இருபுறமும் காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் முன்வாசல் ஒன்றே. பின்பக்கம் அயலவரின் சுவர். வீட்டுக்கு வாயில் உண்டு, காற்றுக்கு வெளியேற வழியில்லை. மூடுறையின் பின்வழியை அடைத்துவிட்டுப் பறக்க முயன்ற விமானம் எதுவோ, அதுவே இரட்டை லயம். வெளியே எத்துணைக் காற்று வீசினும் வாசலில் அமுக்கம் நிறைந்து நிற்குமேயன்றி உள்ளே ஓட்டம் பிறக்காது. இதனை அறியப் பேணூலியின் சமன்பாடு வேண்டியதில்லை. பக்கத்து ஸ்டோரின் டீமேக்கரை ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

எட்டடி உயரம் எனக் கொண்டால் அக்காம்பராவின் கனவளவு 27 கனமீற்றர். 1,000 கிலோ கொழுந்தினூடே வினாடிக்கு 6 கனமீற்றர் காற்றுச் செல்கின்றது என்று மேலே கண்டது. அஃதாவது ஒரு லயக்காம்பராவின் முழுக் காற்றும் நாலரை வினாடிக்கு ஒரு முறை மாறும் வேகம் அது. ஒருவர் 20 கிலோ பறிப்பாராயின் அக்கொழுந்து ஐம்பது பேரின் ஒருநாட் பறிப்பு. ஒரு மனிதருக்கு வினாடிக்கு 10 இலீற்றர் புதிய காற்று வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், ஐவர் கொண்ட ஐம்பது குடும்பங்களுக்கும் சேர்த்துத் தேவையாவது வினாடிக்கு இரண்டரைக் கனமீற்றர். பறித்த கொழுந்துக்குக் கொடுப்பதிற் பாதியேனும் வேண்டாம். பறித்தவர்களின் குடும்பங்கள் அனைத்தும் மூச்சுவிடலாம். கொழுந்துக்குக் கொடுத்ததைக் குறைக்கவும் தேவையில்லை. ஏனெனில் வீட்டுக்கு வேண்டிய காற்றை மின்விசிறியின்றி இயற்கையே தள்ளித் தரும்.

அதற்கும் கணக்கு உண்டு. எதிரெதிர்ச் சுவர்களில் மூன்று சதுர அடித் திறப்பு ஒவ்வொன்றிருப்பின், வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் அசையும் இளங்காற்றே ஐவருக்குப் போதுமானதற்கு மேலும் கொண்டுவரும். பின்சுவரே இல்லாத இரட்டை லயத்தில் முகடுதான் வழி. உள்ளே வெளியிலும் 5 பாகை சூடு கூடியிருந்து, முகடு வாசலினின்று மூன்று மீற்றர் உயர்ந்திருப்பின், ஒரு சதுர அடி முகட்டுத் திறப்பினூடே வினாடிக்கு 50 இலீற்றருக்குக் குறையாத காற்று தானே மேலெழும். அடுப்பு எரியும் வேளையில் அதனிலும் கூடும். இறப்பர்த் தாளுக்குச் செய்துகொடுத்த அதே ஏற்பாடுதான் இது. தாள்களைப் புகையூட்டவும் லயத்தில் சோறாக்கவும் எரிவது பெரும்பாலும் அதே இறப்பர் விறகு; ஒன்றின் புகைக்கு முகடு திறந்தது, மற்றதன் புகை பிள்ளையின் நெஞ்சில் தங்கிற்று. விறகுப்புகை பெண்களையும் குழந்தைகளையும் சுவாச நோய்க்கு ஆளாக்குவதும், நெருக்கமும் காற்றின்மையும் காசநோய் பரவ ஏதுவாவதும் மருத்துவம் ஐயமற நிறுவியவை.

‘யன்னல் வைத்துக் கொடுத்தாலும் இம்மக்கள் சாக்கைத் திணித்து அடைத்துவிடுகிறார்களே’ என்பது நிர்வாகத்தாரும் அவர்களைச் சார்ந்து எழுதுவோரும் ஓயாது எடுத்தாளும் வாதம். அடைக்கிறார்கள் என்பது மெய். ஏன்? சாரல் அடிக்கின்றது, இரவிற் குளிர்கின்றது, யன்னலின் முன்னே நடைபாதை. ஸ்டோரின் யன்னலிலும் அதே சாரல் அடிக்கிறது. அங்கே சாய்தட்டுப் பலகைகள் வைத்து, மழை வராது காற்று மட்டும் வருமாறு செய்தனர்; கொழுந்துக்குப் பண்பாடில்லை என்று எவரும் பழி கூறவில்லை. விமானம் கட்டுவோன் குளிர்காலத்தில் எஞ்சின் வாயின் ஒரு பகுதியைத் தகட்டால் மறைப்பதுண்டு; அது அறிவுடைமை எனப்படுகின்றது. மழைக்காலத்தில் யன்னலை மறைக்கும் தாய் மட்டும் அறியாதவளோ?

திருத்தங்கள் நிகழாமலில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. இக்கால முழுவதிலும் லயங்கள் பழுதுபார்க்கப்பட்டே வந்தன. பழுதுபார்த்தல் என்பதன் பொருள் பெரும்பாலும் கூரைத் தகடு மாற்றுதல். மழை ஒழுகாமை பெரும் பேறுதான். ஆனால், பழைய கூரையின் இடுக்குகளே அதுவரை புகைக்கு இருந்த ஒரே போக்கிடம். புதுத் தகடு முகட்டை இறுக மூடியபோது அதுவும் போயிற்று. இத்தனை தகடும் தச்சுக்கூலியும் செலவழிக்கப்பட்ட வேளையில், முகட்டோரம் ஒரு சாண் உயர்த்தி மூடினால் ஆகியிருக்கும் மேலதிகச் செலவு என்ன? கேட்டவர் இல்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழுகின்றன. லயத்தோடு நோக்க அவை பெரும் முன்னேற்றம். ஆயினும் ஒரே வரைபடமே, சரிவு எப்பக்கம், காற்று எப்பக்கம் என்று நோக்காது மலைக்கு மலை பெயர்த்து வைக்கப்படுமாயின், கண்ட இடத்தில் அழகிய வாயைப் பொருத்திய விமானக்காரரின் கதையே மீளும். பின்னால் தகரத்தில் அடுப்படி இறக்கப்படும்போது பின்யன்னல் அடைபடும் என்பதையும் வரைபவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அடுப்படி வேண்டாத குடும்பம் எங்கே உண்டு?

மலையகம் என்றவுடன் நுவரெலியாவையும் ஹற்றனையும் மட்டும் எண்ணும் வழக்கம் தமிழரிடையேயும் உண்டு. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலைப் பகுதிகளிற் சிதறிக் கிடக்கும் தமிழ்த் தோட்டங்கள் எண்ணிக்கையிற் சிறியன. ஆதலால் மேடைகளுக்கும் ஆய்வேடுகளுக்கும் எட்டுவது குறைவு. நுவரெலியாவிற் குளிருக்கு அஞ்சி அடைத்த சுவருக்கு ஒரு நியாயமேனும் சொல்லலாம். வெக்கையும் ஈரமும் ஒருங்கே வாட்டும் தாழ்நாட்டுத் தோட்டத்திலே அதே லயத்தை அப்படியே நட்டமைக்கு என்ன நியாயம் உண்டு?

சப்ரகமுவப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பெலிஹுல்ஓயாவினின்று பலாங்கொடைத் தோட்டங்கள் தொலைவில் இல்லை. தமிழ் மாணவர் அங்கும் உளர். பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் பயில்வோரும் உளர். ஒரு லயத்தின் காற்றோட்டத்தை அறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. இரண்டு வெப்பமானிகள், அவற்றுள் ஒன்றின் குமிழில் ஈரத்துணி, ஓர் அளவுநாடா, கையிலே கொளுத்திய ஓர் ஊதுபத்தி. மாலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டிய பின் ஊதுபத்தியை வாசல் நிலையருகே பிடித்தால், அதன் புகை உள்ளே இழுபடுகிறதா, நிற்கிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்பது தெரிந்துவிடும். அதே ஊதுபத்தியை மறுநாள் ஸ்டோரின் விசிறி வாயில் பிடித்துப் பார்த்து, இரண்டையும் ஒரே தாளில் எழுதித் தோட்ட நிர்வாகத்தின் மேசையில் வைக்கட்டும். அடுத்த கூரைத் தகட்டுக் கேள்விப்பத்திரம் கோரப்படுமுன்.